பவுல் என்பது கோப்பை அல்ல

கேள்வி: 1951-ல் ஒன்பது ஆட்டங்களையும் ஜெயித்த சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி, கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெறாமல் போனது எப்படி?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கோப்பையை முதலில் கீழே வையுங்கள். நீங்கள் சொல்லும் ஆட்டத்தின் பெயர் பவுல். பவுல் என்றால் கிண்ணம். அதுவும் பரிசுக் கிண்ணம் இல்லை, மைதானத்தின் வடிவம். 1914-ல் யேல் பல்கலைக்கழகம் கட்டிய கிண்ண வடிவ அரங்கு யேல் பவுல். அதைப் பார்த்து 1922-ல் பாசடீனாவில் ரோஸ் பவுல் எழுந்தது. அங்கே நடந்த புத்தாண்டு ஆட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு மயாமியில் ஆரஞ்சு, நியூ ஆர்லியன்ஸில் சுகர், டல்லஸில் காட்டன் என்று ஊருக்கொரு பவுல். இதைக் 'கோப்பை' என்று எழுதாதீர்கள் என எத்தனை முறை சொல்வது? கோப்பை என்றதும் புள்ளிப் பட்டியல், அரையிறுதி என்று மனசு ஓடுகிறது. அந்தக் காலத்துப் பவுலில் அதெல்லாம் கிடையாது. அந்தந்த ஊர் கமிட்டி கூடி, பிடித்த அணிக்குப் பத்திரிகை வைக்கும். கூப்பிட்டால்தான் பந்தி.

ரோஸ் பவுலை 1947-லிருந்து இரண்டு லீக்குகள் ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டன. எந்த லீக்கிலும் சேராத தனி அணியான சான் பிரான்சிஸ்கோவுக்கு மிச்சம் இருந்தது நிறப்பாகுபாடு ஆண்ட தெற்கு. அணியில் ஓலி மேட்சன், பர்ல் டோலர் இருவரும் கறுப்பர்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் இடம் உண்டு என்று பேச்சு வந்தது. அணி மறுத்துவிட்டது. தெற்கத்தி டல்லஸின் காட்டன் பவுலில் 1948-லேயே பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணி தன் இரு கறுப்பு வீரர்களோடு ஆடியிருக்கிறது. மனமிருந்தால் மார்க்கமுண்டு.

'சோதா அணிகளோடு ஆடி ஜெயித்தார்கள்' என்பது அழைக்காததற்குச் சொல்லும் பழைய சாக்கு. நியூயார்க்கில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தை 32-26 என்று வென்றார்களே! எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து மேட்சன் இரண்டு முறை எல்லைக்கே கொண்டுபோனார். அது லேசுப்பட்ட வேலை இல்லை. பதினோரு பேர் முழு வேகத்தில் எதிரே வருவார்கள். நம் ஆட்கள் இடித்துத் திறக்கும் சந்து ஓரிரு நொடிதான் நிற்கும். பக்கவாட்டில் ஓடி வழி தேடினால் சந்து மூடிவிடும். நேராக ஓடி, ஒரே வெட்டில் உள்ளே நுழைய வேண்டும். அதைத் தாண்டியவர்களும் கடைசி முப்பது கெஜத்தில் மூச்சு வாங்கிப் பிடிபடுவார்கள். மேட்சன் பிடிபடவில்லை, மறு வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கிய கால்கள் அவை. அந்த சீசனில் பந்தோடு ஓடியது 1,566 கெஜம், ஆட்டத்துக்கு 174. இத்தனைக்கும் தடுப்பாட்டத்திலும் அவரே நின்றார்.

அவரும் ஜீனோ மார்ச்செட்டியும் பாப் செயின்ட் கிளேரும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றத்தில் இடம்பிடித்தார்கள். ஒரே கல்லூரி அணி, மூன்று பேர்! பவுலில் ஆடினால் கிடைக்கும் பணம் வந்திருந்தால் அணிக்குக் கைகொடுத்திருக்கும். வரவில்லை, அந்த சீசனோடு பல்கலைக்கழகம் அணியைக் கலைத்தது.

டோலரின் ஆட்டம் 1952-ல் முழங்கால் காயத்தோடு முடிந்தது. 1965-ல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் முதல் கறுப்பு நடுவரானார். 1980 ஜனவரியில் அந்த லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலின் நடுவர் குழுவில் அவர் நின்ற மைதானம், பாசடீனாவின் ரோஸ் பவுல்.