வெளியூர் கோல் கொண்டுவந்து சேர்த்த ஃபைனல்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பிய கால்பந்து கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். 2019 செமி ஃபைனல்களைப் பார்த்த இரவில் தூக்கமே வரவில்லை. அதே ஆவலோடு ஃபைனலுக்கு உட்கார்ந்தால் சப்பென்று போய்விட்டது. லிவர்பூல் 2, டோட்டன்ஹாம் 0. ஆம்ஸ்டர்டாம் செமி ஃபைனலில் மூன்று கோல் போட்ட லூக்காஸ் மோராவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கணுக்கால் காயத்திலிருந்து அப்போதுதான் தேறிய ஹாரி கேனை இறக்கினார் டோட்டன்ஹாம் பயிற்சியாளர் பொச்செட்டினோ. தோல்விக்கு அதுதானே காரணம்?

எம். ஆர்.

அன்புள்ள எம். ஆர்.,

ஆட்டம் சப்பென்று இருந்தது என்பதில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். லூக்காஸை முதலிலிருந்தே ஆடவிட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் தோல்வியை அந்த ஒரு முடிவின் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. டோட்டன்ஹாம் ஃபைனலுக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் வேறு கதை தெரியும்.

அன்றைக்கு ‘அவே கோல்’ விதி இருந்தது. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து கோல் கணக்கு சமமானால், எதிரியின் மைதானத்தில் அதிக கோல் போட்டவர் உள்ளே போவார். 2021இல்தான் அதை எடுத்தார்கள். அந்த சீசனில் டோட்டன்ஹாமை இந்த விதி ஒருமுறை அல்ல, மூன்று முறை கரையேற்றியது.

முதலாவது, தொடக்க குரூப் சுற்றில். முதல் மூன்று ஆட்டங்களில் அவர்கள் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. கடைசியில் இன்டர் மிலானும் அவர்களும் தலா 8 புள்ளி, இருவரும் மோதிய இரண்டு ஆட்டங்களின் கோல் கணக்கும் சமம். மிலானில் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் எரிக்சன் ஒரு கோல் போட்டிருந்தார் அல்லவா, அதுதான் கைகொடுத்தது. தோற்ற ஆட்டத்தின் கோல்! அடுத்து, காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டி. சொந்த ஊரில் 1-0 என்று ஜெயித்து, அங்கே போய் 4-3 என்று தோற்றார்கள். முதல் 21 நிமிடத்துக்குள் ஐந்து கோல். கடைசி நொடிகளில் சிட்டியின் ஸ்டெர்லிங் பந்தை வலைக்குள் தள்ள, மைதானமே எழுந்து கத்தியது. வீடியோவில் பார்த்து, அதற்கு முன்பே அகுவேரோ ஆஃப்சைடு என்று ரத்து செய்தார்கள். மூன்றாவது நீங்கள் பார்த்த செமி ஃபைனல், ஆம்ஸ்டர்டாம் அணியான அயாக்ஸோடு. இரண்டும் சேர்த்து 3-3.

அந்த ஆம்ஸ்டர்டாம் ஆட்டத்தின் இரண்டாம் பாதியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இடைவேளையில் நெட்டையர் லொரென்டே உள்ளே வருகிறார். அதன்பிறகு டோட்டன்ஹாம் நீளப் பந்தாக அவரை நோக்கி அடிக்கிறது. 96ஆவது நிமிட கோலைக் கவனியுங்கள்: சிசோக்கோ பின்னாலிருந்து உயர்த்தி அடிக்கிறார், பந்து லொரென்டேயைத் தாண்டி டெலி அலியின் காலுக்கு வருகிறது, அவர் லேசாகத் தட்டிவிட, லூக்காஸ் இடது காலால் முடிக்கிறார். அயாக்ஸ் முன்னணியில் இருந்தும் ஒதுங்கி நிற்கத் தெரியாத அணி. அது விட்டுவைத்த இடத்தில்தான் லூக்காஸ் ஓடினார்.

ஃபைனல் நடந்த மாட்ரிட்டில் அந்த இடம் கிடைக்கவில்லை. ஆட்டம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. யாரையோ எங்கோ போகச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருந்த சிசோக்கோவின் கையில் லிவர்பூலின் மானே அடித்த பந்து பட்டது. ஆமாம், அதே சிசோக்கோ. பெனால்டி, சாலா, கோல். அப்புறம் லிவர்பூலுக்கு என்ன அவசரம்? பின்னால் வான் டைக், மாட்டிப். அவர்களுக்கும் பின்னால் கோல்கீப்பர் அலிசன். பந்து பெரும்பாலும் டோட்டன்ஹாமிடம்தான் இருந்தது, ஆனால் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. 66ஆவது நிமிடத்தில் லூக்காஸ் வந்தும் கதை மாறவில்லை. 87இல் ஒரிகி முடித்துவைத்தார். ஃபைனல் பொதுவான ஊரில் ஒரே ஆட்டம். தோற்றும் உள்ளே போக அங்கே வழி கிடையாது. லீக் முடிந்து மூன்று வாரம் சும்மா இருந்ததால் இரண்டு அணிகளின் காலிலும் துரு ஏறியிருந்தது வேறு.

லிவர்பூல் மட்டும் ராஜபாட்டையிலா வந்தது என்று கேட்பீர்கள். இல்லை. குரூப்பில் வெளியூரில் ஆடிய மூன்றிலும் தோல்வி. நாப்போலியும் அவர்களும் தலா 9 புள்ளி. நேருக்கு நேர் ஆளுக்கு ஒரு 1-0, கோல் வித்தியாசமும் சமம். மொத்தம் 9 கோல் போட்டிருந்ததால், 7 போட்ட நாப்போலியை முந்தினார்கள். ஆனால் நாக் அவுட்டில் ஒரு சுற்றைக்கூட அவே கோலை நம்பி ஜெயிக்கவில்லை. பேயர்னை அவர்கள் ஊரிலேயே 3-1. பார்சிலோனாவிடம் அங்கே 3-0 என்று வாங்கிவிட்டு, சாலாவும் ஃபிர்மினோவும் இல்லாமலே சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 4-0. இது அதிர்ஷ்டம் என்றால் எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

செமி ஃபைனல்களைப் பார்த்தாயிற்று, சரி. அடுத்து 2018 டிசம்பர் 11ஆம் தேதி ஆட்டங்கள் இரண்டைப் பாருங்கள். ஆன்ஃபீல்டில் நாப்போலிக்கு எதிராக லிவர்பூல் 1-0 முன்னிலை, ஆட்டம் முடியப்போகும் நேரம், கோலுக்கு நேர் எதிரே தனியாக நாப்போலியின் மிலிக். அலிசன் பாய்ந்து வந்து உடம்பால் தடுக்கிறார். அது உள்ளே போயிருந்தால் லிவர்பூல் வெளியே. அதே இரவில் பார்சிலோனாவில் டோட்டன்ஹாம் 1-0 பின்தங்கியிருக்கிறது. 85ஆவது நிமிடத்தில் சமன்செய்தவர் யார் தெரியுமா? உங்கள் லூக்காஸ்தான்.

அன்புடன்.