இருமுறை காயில் கட்டிய மோட்டார்: இன்னும் ஓட்டலாமா?

கேள்வி: இறால் பண்ணைக்குக் கடல்நீர் இறைக்கும் 10 எச்.பி. மோட்டாருக்கு இரண்டு தடவை காயில் கட்டியாயிற்று. தண்ணீர் அதே அளவுதான், கரண்ட் பில் மட்டும் ஏறுகிறது. ஐ.இ.3 (உயர்திறன் வகை) மோட்டார் வாங்கலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: வாங்குங்கள். பழைய காயிலை எரித்து எடுக்கும்போது சூடு 350 டிகிரியைத் தாண்டினால், ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பகுதி) தகடுகளுக்கு இடையிலுள்ள மின்காப்பு வார்னிஷ் கருகிவிடும். அதன்பின் தகட்டுக்குத் தகடு சுழல் மின்னோட்டம் பாயும். சும்மா ஓடினாலே மோட்டார் கொதிக்கும். கம்பி ஒரு கேஜ் மெலிந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

ஐ.இ.3 வடிவமைப்பில் தாமிரம் அதிகம், சிலிக்கான் எஃகுத் தகடு தரமானது, விசிறி சிறியது. 7.5 கிலோவாட் (10 எச்.பி.), 4 போல் (நான்கு காந்த முனை) மோட்டாரில், ஐ.இ.1 என்ற அடிப்படை வகையின் திறன் 86 சதவீதம், ஐ.இ.3-க்கு 90.4. முழுச் சுமையில் தினம் 16 மணி நேரம் ஓடினால் மாதம் சுமார் 200 யூனிட் மிச்சம். உங்கள் மோட்டார் அந்த 86-க்கும் கீழே போயிருக்கும்.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. புது மோட்டார் சற்று வேகமாகச் சுற்றும். நிமிடத்துக்கு 1440 சுற்று 1465 ஆனால் பம்பு இழுக்கும் சக்தி 5 சதவீதம் கூடி, மிச்சத்தை விழுங்கிவிடும். பெல்ட் என்றால் மோட்டார் புல்லியைச் சிறிதாக்குங்கள். நேரடி இணைப்பு என்றால் இம்பெல்லரை (பம்புக்குள் நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) கடைந்து குறைக்க வேண்டும்.

உப்புக்காற்றுக்கு ஐ.பி.55 (தூசியும் நீர்த் தெறிப்பும் புகாத தரம்) உறை அவசியம். கேபிள் கிளாண்ட் (கேபிள் உள்ளே நுழையும் இறுக்கி) கீழ்நோக்கி இருக்கட்டும். விசிறி மூடியில் படியும் உப்பை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.