அம்மாவுக்கு நான்கு மாதமாக வயிற்று உப்புசம்: சினைப்பைப் புற்றுநோய்க்கான சோதனையை நாமாக டாக்டரிடம் கேட்கலாமா?

சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது, மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. நான்கு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. அல்சர் மாத்திரையும் வாயு மாத்திரையும் மாறி மாறித் தருகிறார்கள். இணையத்தில் படித்ததை வைத்துச் சோதனை கேட்டால் டாக்டர் தப்பாக நினைப்பாரா என்பது அவருடைய தயக்கம்.

கேளுங்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நான் மருத்துவர் இல்லை. ஏற்காட்டில் இருக்கும் என் அத்தையோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வயிறு உப்புகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் இருப்பதில்லை, உங்கள் அம்மாவுக்கும் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

கவனிக்க வேண்டியவை நான்கு: வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வருவது. இவை யாருக்குத்தான் வராது என்று கேட்பீர்கள். ஆடிப்பண்டிகைக்கு மறுநாள் பாதிச் சேலத்துக்கு வயிறு உப்பித்தான் இருக்கும். ஆனால் அது இரண்டு நாளில் ஓய்ந்துவிடும். சந்தேகப்பட வேண்டியது புதிதாக வந்து, ஓயாமல், வாராவாரம் கூடிக்கொண்டே போவதை. அமெரிக்க மருத்துவர் பார்பரா காஃப் குழுவினர் 2007இல் இதற்கு ஒரு அளவுகோலே கொடுத்தார்கள்: ஓராண்டுக்குள் தொடங்கியதாக இருக்க வேண்டும், மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் வர வேண்டும். பிரிட்டன் அரசின் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 50 வயதுக்கு மேல் முதன்முறையாகக் குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ்: வயிற்று வலி, உப்புசம், மாறி மாறி வரும் பேதியும் மலச்சிக்கலும்) போன்ற தொந்தரவு வந்தால் சினைப்பையையும் சோதித்துவிடுங்கள் என்கிறது, ஏனென்றால் அந்தக் குடல் தொந்தரவு அந்த வயதில் புதிதாகத் தொடங்குவது அரிது. வலி எவ்வளவு கடுமை என்பதைவிட எத்தனை நாள் வருகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

அத்தைக்கு வலியே பெரிதாக இல்லை. காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர், மலையில் ஏறி இறங்கி நடந்த உடம்பு. அவர் கவனித்தது பாவாடை நாடாவை. வருடக்கணக்காக ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டதில் நாடாவில் நைந்த தடம் ஒன்று விழுந்திருக்குமே, அந்த இடத்தில் முடிச்சுப் போட முடியவில்லை. முடிச்சு நாடாவின் நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. அதே சமயம் ரவிக்கையின் கை தொளதொளவென்று ஆனது. “கண்ணு, கை இளைக்கிறது, வயிறு மட்டும் பெருக்கிறது, இதென்ன கணக்கு?” என்று என்னிடம் கேட்டார். மெத்தப் படித்தவர்கள் கேட்காத கேள்வி அது. மேலே இளைத்து வயிறு மட்டும் பெருத்தால் அது கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை. உள்ளே நீர் கோத்திருக்கலாம், கட்டி இருக்கலாம்.

சிறுநீர்த் தொந்தரவும் இருந்தது. மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் வருவதற்குள் அவரால் அடக்க முடியாது. சூட்டு உடம்பு, நீர்க்கடுப்பு என்று வீட்டில் வெந்தயமும் இளநீரும் கொடுத்தார்கள். ஒரு டாக்டர் சர்க்கரை பார்த்தார், இல்லை. இன்னொருவர் சிறுநீரில் கிருமி பார்த்தார், அதுவும் இல்லை. இரைப்பையில் குழாய் விட்டுப் பார்த்தவர் “லேசான புண்தான், அம்மா” என்று அனுப்பிவைத்தார். அவரவர் பார்த்த இடத்தில் அவரவர் சரி. ஆனால் உப்புசத்தை ஒருவரிடமும் சிறுநீரை இன்னொருவரிடமும் பசியின்மையை மூன்றாமவரிடமும் சொன்னால் இவை மூன்றும் ஒரே மூட்டை என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் எழுதி வைத்துக்கொண்டு போகச் சொல்கிறேன். பால் கணக்குக் குறிக்கும் மாதக் காலண்டரே போதும். உப்புசம் இருந்த நாளுக்கு ‘உ’, சாப்பாடு இறங்காத நாளுக்கு ‘சா’, வலிக்கு ‘வ’, சிறுநீருக்கு ‘சி’. மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துக் கையில் எடுத்துப் போங்கள். “கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரியாக இருக்கிறது” என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதும், கட்டத்துக்குக் கட்டம் எழுத்து நிரம்பிய ஒரு தாள் மேசைமேல் கிடப்பதும் ஒன்றில்லை. கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைக்கும் ஓரிரு நிமிடத்தில் அந்தத் தாள்தான் பேசும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே நான்கு மாதம் ஓடிவிட்டது. அவர் இனி ஒரு மாதம் காலண்டர் எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். நினைவில் இருப்பதை இன்றே ஒரு தாளில் எழுதிக்கொண்டு நாளையே கிளம்புங்கள்.

கேட்கும் விதம் பற்றி. “கேன்சரா டாக்டர்?” என்று கேட்டால் “இல்லம்மா, பயப்படாதீர்கள்” என்ற ஆறுதல்தான் வரும், சோதனை வராது. நான் இப்படிக் கேட்டேன்: “டாக்டர், இத்தனை மாதமாக மாத்திரையில் குறையவில்லை. இது சினைப்பையிலிருந்து வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாமா? சிஏ 125 ரத்தச் சோதனையும் அடிவயிற்று ஸ்கேனும் எழுதித் தருகிறீர்களா?” ஆமாம், இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. இல்லை என்றால், எத்தனை வாரத்தில் குறையாவிட்டால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்று மல்லுக்கு நிற்கச் சொல்லும் வெளிநாட்டு யோசனைகள் நம் ஊரில் எடுபடாது, கதவு சாத்திக்கொள்ளும். நமக்கு வேறொரு வசதி இருக்கிறது. யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நேராக மகளிர் மருத்துவரிடம் போகலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மகளிர் பிரிவு உண்டு.

சோதனைகளையும் கண்மூடித்தனமாக நம்பிவிடாதீர்கள். சிஏ 125 என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம், அதன் அளவு 35க்கு மேல் இருந்தால் கூடுதல் என்பார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் கூடும், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) இருந்தாலும் கூடும், மாதவிலக்கு நாட்களிலும் கூடும். நம் நாட்டில் முக்கியமாக, வயிற்றில் காசநோய் இருந்தால் இந்த அளவு ஏறுவதோடு வயிற்றில் நீரும் கோக்கும், பார்ப்பதற்கு அப்படியே புற்றுநோய் போலவே இருக்கும். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். ஆகவே கூடுதல் என்று வந்ததும் அழுது புலம்ப வேண்டாம். தலைகீழாகவும் நடக்கும்: நோயின் முதல் கட்டத்தில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு சாதாரணமாகவே இருக்கும். நார்மல் என்று வந்தும் தொந்தரவு குறையவில்லை என்றால் ஸ்கேன் பார்க்காமல் விடாதீர்கள். ஸ்கேனில் நீர்க்கட்டி என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. கட்டிக்குள் திடமான பகுதி, பல அறைகள், இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர் என்று எழுதியிருந்தால் தாமதிக்கக் கூடாது.

இன்னும் ஒரு குழப்பம் ஊர் முழுக்க இருக்கிறது. “கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை” என்று நிம்மதியாக இருப்பார்கள். நல்ல சோதனைதான், கட்டாயம் எடுக்க வேண்டியதுதான், ஆனால் அது சினைப்பையைப் பார்ப்பதில்லை. அதேபோல “கர்ப்பப்பையையே எடுத்தாகிவிட்டதே” என்பார்கள். கர்ப்பப்பையை எடுக்கும்போது சினைப்பைகளை விட்டுவைப்பது சகஜம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து, எதை எடுத்தார்கள் எதை விட்டார்கள் என்று பாருங்கள்.

இதைப் படித்துவிட்டுத் தொந்தரவு எதுவுமே இல்லாதவர்கள் சோதனைக்கு ஓட வேண்டாம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. அறிகுறி இல்லாதவர்களுக்கு ஆண்டுதோறும் சோதனை செய்ததால் இறப்பு குறையவில்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் சிஏ 125ஐச் சேர்த்து விற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அறிகுறி இருப்பவருக்கு எழுதித் தர யோசிக்கும் அதே சோதனை, இல்லாதவருக்குச் சலுகை விலையில் கிடைக்கிறது.

குடும்பத்தில் யாருக்காவது சினைப்பையிலோ, இள வயதில் மார்பகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அப்பா வழியும் கணக்கில் சேரும். பலரும் அம்மா வழியை மட்டுமே சொல்கிறார்கள். குடும்ப வழியாக வரக்கூடிய பிஆர்சிஏ 1 மரபணுப் பழுது உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100க்கு ஏறத்தாழ 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோய் வருகிறது. பிஆர்சிஏ 2 என்றால் சுமார் 17 பேர். அத்தையின் நோய் தெரிந்த பிறகு அவர் மகளுக்கும் மரபணு ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். நான் அண்ணன் மகள், எனக்கும்தான்.

அத்தைக்கு இரண்டு பக்கமும் இருந்தது, இரண்டாம் கட்டம். அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து இப்போது செக்கப்புக்கு மட்டும் கீழே வருகிறார். சந்தேகமான கட்டி என்று தெரிந்தால் அவசரப்பட்டு ஊசி குத்தி அதிலிருந்து நீர் எடுக்கவோ, சாதாரண நீர்க்கட்டிபோல அகற்றவோ சம்மதிக்காதீர்கள். கட்டி உடைந்தால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் சிந்திவிடக்கூடும். பெண்களுக்கான புற்றுநோய் அறுவை சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் பார்க்கட்டும். 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் வரை போக வேண்டி வந்தாலும் போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் இப்போதே தயாராக இருந்தால் பிறகு கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓட வேண்டியிருக்காது.

ஸ்கேனுக்கு அம்மா கூச்சப்பட்டால் பெண் மருத்துவர் எடுக்கும் நாளைக் கேட்டு வையுங்கள். வயிற்றின்மேல் வைத்து எடுப்பதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், பிறப்புறுப்பின் வழியே எடுப்பதற்குக் காலியாக இருக்க வேண்டும். சினைப்பை இரண்டாவதில்தான் தெளிவாகத் தெரியும். எது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள். ஸ்கேன் சென்டரில் டோக்கன் வாங்கிய பிறகு குடித்தால் போதும்.