பதினான்கு ஆண்டு அனுபவத்துக்கு எவ்வளவு சம்பளம் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 46. பிளஸ் டூ படிக்கும் மகளுடன் வியாசர்பாடியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அண்ணாநகரில் ஒரே வீட்டில் 14 ஆண்டுகள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். கடைசிச் சம்பளம் 17,000 ரூபாய். பால் குடித்த நேரம், காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதையெல்லாம் நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். அவர்கள் அடுத்த மாதம் வெளிநாடு போகிறார்கள். கையில் 1,50,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். பெரம்பூரில் ஒரு வீட்டில் ஆறு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள்: காலை 8 முதல் மாலை 6 வரை, ஞாயிறு விடுமுறை, 18,000. ஏஜென்சி மூலம் இன்னொரு வேலை: வீட்டோடு தங்க வேண்டும், மாதம் இரண்டு நாள் விடுமுறை, 24,000, முதல் மாதச் சம்பளத்தில் பாதி ஏஜென்சிக்கு. எதற்குப் போவது? தெரிந்தவர் ஒருவர் நூற்றுக்கு நான்கு வட்டி தருகிறேன், பணத்தைக் கொடு என்கிறார். என் சங்கிலி 60,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது, இரண்டு வட்டி.

பதில்: சகோதரி, முதலில் மணிக்கணக்கு போடுங்கள். பெரம்பூர் வேலை மாதம் 26 நாள், நாளுக்கு 10 மணி. அதாவது 260 மணி நேரம். மணிக்கு 69 ரூபாய் வருகிறது. வீட்டோடு தங்கினால் காலை 6 மணிப் பாலில் தொடங்கி குழந்தை தூங்கும்வரை, இடையில் ஓய்வைக் கழித்தாலும் 14 மணி நேரம். 28 நாளுக்கு 392 மணி. மணிக்கு 61 ரூபாய்தான். நடுராத்திரியில் குழந்தை அழுதால் எழுந்திருப்பது இந்தக் கணக்கில் சேரவில்லை. சாப்பாடு மிச்சம் என்பார்கள். ஆனால் மகளுக்காக வியாசர்பாடி வாடகையை நீங்கள் கட்டித்தானே ஆக வேண்டும்? பொதுத்தேர்வு எழுதப்போகும் பெண்ணை இரவில் தனியாக விட்டுப்போவதையும் நான் ஒரு செலவாகவே எழுதுவேன். பெரம்பூருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் போனால், பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே கிடையாது.

ஆகவே பெரம்பூர். ஆனால் 18,000க்குச் சம்மதிக்காதீர்கள், 20,000 கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்த நோட்டை எடுத்துப்போய்க் குழந்தையின் அம்மாவிடம் ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். ஆறு மாதக் குழந்தையை விட்டுவிட்டு அலுவலகம் போகிறவருக்கு, "மதியம் 2.10, 100.4 டிகிரி, அம்மாவுக்குப் போன் செய்தேன்" என்ற ஒரு வரி போதும். பழைய வீட்டாரிடம் ஒரு கடிதமும், வெளிநாட்டிலும் பேசக்கூடிய எண்ணும், அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனியில் 14 ஆண்டு வேலை பார்த்தவருக்குக் கடைசிச் சம்பளம் 17,000 என்றால் பணிக்கொடை ஏறக்குறைய 1,37,000 ரூபாய் வரும். வீட்டு வேலைக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது. யாரும் கேட்காமலே அதற்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்.

அந்தப் பணத்தில் முதல் வேலை சங்கிலியை மீட்பது. இரண்டு வட்டி என்றால் மாதம் 1,200, ஆண்டுக்கு 24 சதவீதம். இந்தக் கடனை அடைப்பதைவிட லாபமான முதலீடு உங்களுக்கு இன்று கிடையாது. நான்கு வட்டி தருகிறேன் என்பவருக்கு ஒரு பைசாவும் வேண்டாம். ஆண்டுக்கு 48 சதவீதம் நேர்மையாகச் சம்பாதித்துக் கொடுக்கும் தொழிலை இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை. முதல் மூன்று மாதம் வட்டி சரியாக வரும், அதுதான் தூண்டில். மீதி 90,000இல் மூன்று மாத வீட்டுச் செலவுக்கு 45,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். இன்னொரு 45,000 மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு. அதுவரை வங்கியில் குறுகிய கால வைப்பாகப் போடுங்கள்.

அடகுக்கடைக்குப் போன 1,200உடன் இன்னும் 800 சேர்த்து மாதம் 2,000 ரூபாயை அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டுங்கள். 6.7 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 1,42,000 வரும். அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், அது போய்விட்டது. ஆனால் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் செயல்படுகிறது. 60 வயதுக்குள் பதிவு செய்தால் மகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60க்குப் பிறகு ஓய்வூதியம். மகள் படித்துக்கொண்டிருக்கும்போதே பதிந்தால்தான் முதல் பலன் கிடைக்கும், தள்ளிப்போடாதீர்கள். வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் கேளுங்கள். ஒவ்வொன்றும் 2 லட்சம். ஆயுள் காப்பீட்டில் சேர 50 வயதுதான் வரம்பு.

பெரம்பூரில் இன்னும் ஒன்றே ஒன்று பேச வேண்டும். அவர்கள் பத்து நாள் ஊருக்குப் போனால் உங்கள் சம்பளம் என்ன ஆகும்? சண்டை பெரும்பாலும் இதில்தான் வருகிறது. பிடித்தம் கிடையாது, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், மாதம் 5ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முதல் வாரம் பழகிப் பார்க்கலாம் என்றால் சரி என்று சொல்லுங்கள், அந்த வாரத்துக்கும் சம்பளம் உண்டு என்று தெரிந்துகொண்ட பிறகு.