மேடையில் குழப்பம் இருக்கட்டும், அரங்கில் வேண்டாம்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து நடத்தும் அமெச்சூர் நாடகக் குழுவில், சிறு வயதில் பிரிந்த இரட்டையரை ஊரார் ஒரே ஆளென்று நினைத்துவிடும் நகைச்சுவை நாடகத்தை இயக்குகிறேன். அரங்கேற்றத்துக்கு மூன்று வாரங்களே இருக்கின்றன. இரட்டையராக நடிப்பவர்களுக்கு முக ஒற்றுமையே இல்லாததால், ஒரே மாதிரிச் சட்டையும் விக்கும் ஒட்டுமீசையும் கொடுத்தேன். ஒத்திகை பார்த்தவர்கள் யார் அண்ணன், யார் தம்பி என்று விழித்தார்களே தவிர, அண்ணனுக்குக் கடன் கொடுத்தவர் தம்பியைப் பிடித்துக்கொள்ளும் காட்சியில்கூடச் சிரிக்கவில்லை. ஒரே நடிகரை இரு வேடத்திலும் நடிக்க வைக்கலாமா?

பதில்: வேண்டாம். கடைசிக் காட்சியில் சகோதரர்கள் இருவரும் எதிரெதிரே நின்றாக வேண்டும். அந்தச் சந்திப்புக்காகத்தான் பார்வையாளர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்.

முகம் பொருந்தவில்லை என்று வருந்தவே வேண்டாம். இருவரும் இரட்டையர் என்று நாடகம் சொல்லிவிட்டால், ஒருவர் நெட்டையாகவும் மற்றவர் குட்டையாகவும் இருந்தாலும் அரங்கம் ஏற்றுக்கொள்ளும். அந்தப் பொருத்தமின்மையே சில நேரங்களில் கூடுதல் சிரிப்பைத் தரும். பார்வையாளர்களுக்கே ஆள் தெரியாமல் போனதுதான் உங்கள் உண்மையான சிக்கல். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் ரோமில் நகைச்சுவை நாடகங்கள் எழுதிய பிளாட்டஸ் இதை நன்றாக அறிந்திருந்தார். ஒரு கடவுள் ஒரு வீட்டுத் தலைவனின் உருவத்திலும் அந்தக் கடவுளின் மகன் அவ்வீட்டு வேலைக்காரனின் உருவத்திலும் வரும் ‘ஆம்ஃபிட்ரியோன்’ நாடகத்தின் தொடக்கத்திலேயே அந்த மகன் மேடையேறி, தன் தொப்பியில் சிறு சிறகுகளும் தந்தையின் தொப்பியில் பொற்குஞ்சமும் இருக்கும் என்றும், வீட்டாரின் கண்ணுக்குத் தெரியாத அந்த அடையாளங்கள் பார்வையாளர்களுக்கு மட்டும் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறான். உங்கள் தம்பி பாத்திரத்துக்கும் அப்படி ஒன்றைக் கொடுங்கள். கழுத்தில் ஒரு சிவப்புக் கைக்குட்டை போதும். ஆனால் அதைப் பற்றி மேடையில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

அடுத்து, கடன்காரர் காட்சியில் நடிகர் கண்ணை உருட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சிரிப்பை வரவழைக்க முயல்கிறாரா என்று பாருங்கள். முயன்றால் நிறுத்துங்கள். அந்தக் கடன்காரர் மாதக்கணக்கில் தேடிய ஆள் எதிரே நிற்கிறான். பத்திரமும் கையில் இருக்கிறது. தான் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்று அவர் நம்புகிறார். இப்போதுதான் ஊருக்குள் வந்திறங்கிய தம்பியும், முன்பின் தெரியாத ஒருவர் தன் பெட்டியைப் பிடித்து இழுப்பதைக் கண்டு உண்மையாகவே பதறுகிறான். ஆள்மாறாட்டம் என்றால் ஏமாற்றும் நோக்கம் இருக்கும். இங்கே ஒருவரும் பொய் சொல்லவில்லை, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை நடிகர்கள் மனதாரப் பேசினாலே சிரிப்பு வரும்.

பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, “உனக்கு உடன்பிறந்தவர் உண்டா?” என்று ஒருவர் கேட்டிருந்தால் நாடகம் அங்கேயே முடிந்துவிடும் என்று தோன்றும் இடங்களை எல்லாம் பென்சிலால் குறியுங்கள். அந்தக் கேள்வி எழாமலிருக்க, அல்லது அதற்குப் பதில் வராமலிருக்க, அங்கங்கே ஒரு காரணம் வேண்டும்: கதவு தட்டப்படலாம், கோபத்தில் ஒருவர் வெளியேறிவிடலாம். இருவரையும் ஊரார் ஒரே பெயரில் அழைப்பதற்கும் காரணம் வேண்டும். இரட்டையரை வைத்து எழுதிய ‘மெனேக்மி’ நாடகத்தில், காணாமல் போன பேரனின் பெயரையே எஞ்சியவனுக்குத் தாத்தா சூட்டிவிட்டார் என்று பிளாட்டஸ் முன்னுரையிலேயே முடிச்சுப் போட்டுவிடுகிறார். உங்கள் பிரதியில் அப்படி ஒன்று இல்லையென்றால் முதல் காட்சியில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

கதவுகளை அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இன்றே இரண்டு சட்டங்களையாவது நிறுத்தி, அண்ணன் ஒரு கதவில் மறைவதற்கும் தம்பி மறு கதவில் தோன்றுவதற்கும் இடையிலுள்ள நொடிகளைக் கடிகாரம் வைத்து எண்ணிப் பழக்குங்கள். சிரிப்பு எழுந்தால் அடுத்த வசனத்தை நிறுத்தி வைத்து, அது தணியத் தொடங்கும்போது பேசச் சொல்லுங்கள். முழுதும் அடங்கும் வரை காத்திருந்தால் வேகம் போய்விடும்.

ஒட்டுமீசைகளை எடுத்துவிடுங்கள். இத்தனை ஓட்டத்தில் வியர்வை வழிந்து ஒன்று கழன்று விழுந்தால், அன்றைய நாளின் மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான் கிடைக்கும்.