ஒரே வீடியோ, நாலு உடம்பு

கேள்வி: தினமும் காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டு வளவில் நாலு பேரும் ஒரே வீடியோவைப் போட்டு அரை மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறோம். ஜம்பிங் ஜாக், ஸ்குவாட், புஷ்-அப், பிளாங்க் எல்லாம் வரும். இரண்டு மாதமாகிறது. எனக்கு வயது 44. குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது, யாரிடமும் சொல்லவில்லை. மாமியாருக்கு 69. போன வருஷம் வழுக்கி விழுந்தவர், இப்போது முழங்கால் வலியும் கூடிவிட்டது. வீட்டுக்காரருக்கு 48. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பிரஷருக்கு ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். வரும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே தீருவேன் என்கிறார். மகனுக்கு 16, பள்ளிக் கபடி அணியில் இருக்கிறான். இதெல்லாம் போதவில்லை என்று கூடவே நூறு புஷ்-அப் போடுகிறான். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பயிற்சி சொல்ல முடியுமா?
வாசகி, கண்டனூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் எழுந்து வந்து நிற்கிறீர்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரமும் இடமும் பொதுவாகவே இருக்கட்டும். நிறுத்த வேண்டியது அந்த வீடியோவை.

உடல்தகுதி என்பது பல திறன்கள் சேர்ந்தது. ஆரோக்கியத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை ஐந்து: இதயமும் நுரையீரலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் ஸ்டாமினா, அதிகப் பளுவைத் தூக்கும் தசை வலிமை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் தசைத் தாங்குதிறன், மூட்டுகளின் நெகிழ்வு, உடம்பில் கொழுப்பும் தசையும் இருக்கும் விகிதம். விளையாட்டுக்கு வேண்டியவை இன்னும் ஆறு: வேகம், சட்டென்று திசை மாற்றுவது, சமநிலை, கை கால் கண் ஒத்துழைப்பு, வெடித்துக் கிளம்பும் பவர், எதிர்வினை வேகம். எதைப் பயிற்சி செய்கிறோமோ அதுதான் முக்கியமாக வளரும். ஐம்பது ஸ்குவாட் போடுகிறவர் ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கத் தடுமாறலாம். உங்கள் வீடியோ தருவது பெரும்பாலும் தசைத் தாங்குதிறனும் கொஞ்சம் ஸ்டாமினாவும்தான். உங்கள் வீட்டில் நாலு பேருக்கும் அவசரமாக வேண்டியது வேறு வேறு. அதனால் ஆளுக்கு எது குறைவோ, அவருடைய அன்றாட வாழ்க்கை எதைக் கேட்கிறதோ, அதற்கே முதல் பங்கு கொடுக்க வேண்டும்.

மாமியாரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் நாலு பேரில் ஆபத்து அதிகம் அவருக்குத்தான். சுமார் 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் குறைந்தால் தொடை வலிமை போதாது, விழும் வாய்ப்பு அதிகம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். அடுத்து, தூணுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, ஒரு பாதத்தின் குதிகால் மற்றப் பாதத்தின் விரல் நுனியைத் தொடும்படி நேர்க்கோட்டில் வைக்கச் சொல்லுங்கள். பத்து விநாடி நிற்க முடியாவிட்டால் சமநிலைப் பயிற்சியை அன்றே தொடங்க வேண்டும். நீங்கள் கை எட்டும் தூரத்தில் நிற்பது கட்டாயம்.

அவருக்கு ஜம்பிங் ஜாக்கும் ஆழமான ஸ்குவாட்டும் இப்போதைக்கு வேண்டாம். அதற்காக முழங்காலை மடக்கவே கூடாது என்று உட்காரவைத்துவிடாதீர்கள். வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் தொடைத் தசை இளைக்கும், அந்தப் பாரமும் மூட்டின் மேலேயே விழும். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, எழுந்து உட்காருவதை 5 முறை, இரண்டு சுற்று. எழும்போது மூச்சை வெளியே விடட்டும். மூச்சை அடக்கி முக்கினால் பிரஷர் ஏறும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்கட்டும், வலிமை கூடுவதில் பாதி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றுக்கு 10 சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். இதோடு, உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்துவது, தூணைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது, ஒவ்வொன்றும் பத்து. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள்.

சமநிலையைத் தினமும் செய்யலாம். முதலில் பாதங்களைச் சேர்த்து வைத்து, பிறகு அரைப்பாதம் முன்னால், பிறகு நேர்க்கோட்டில். ஒவ்வொன்றும் பத்து விநாடியில் தொடங்கி முப்பது வரை. ஒரு கை தூணில், பிறகு ஒரு விரல், பிறகு தூணுக்கு அருகில் சும்மா. நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் நிலைப்படிகள் உயரம். காலைத் தூக்காமல் இழுத்து நடக்கிறவர்களை இடறிவிடுவது பெரும்பாலும் இதுதான். தரையில் ஒரு துண்டைச் சுருட்டிப் போட்டு, முழங்காலைத் தூக்கித் தாண்டப் பழக்குங்கள். ஆத்தங்குடிக் கல் காய்ந்திருந்தால் வெறுங்கால் நல்ல பிடி கொடுக்கும். ஈரமாக இருந்தாலும், சாக்ஸ் போட்டிருந்தாலும் வழுக்கும். துடைத்த தரை முழுசாகக் காய்ந்த பிறகே பயிற்சி.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று தினமும் கேளுங்கள். மூன்று, நான்குக்குள் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மூட்டு வீங்கினாலோ, மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தாலோ எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள்.

இப்போது உங்களுக்கு. எழுதத் தயங்கியிருக்கிறீர்கள், தயங்கவே வேண்டாம். பிரசவமான பெண்களில் நிறையப் பேருக்கு இருக்கும் தொல்லை இது, சரியாகக்கூடியதும்கூட. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கும்போது குதித்தால், வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தை அவற்றால் தாங்க முடிவதில்லை. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுத்து, 5 விநாடி பிடித்து, 5 விநாடி முழுசாகத் தளர்த்துங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சில வாரங்களில் 10 விநாடி வரை நீட்டலாம். பிருஷ்டம் இறுகினாலோ மூச்சு நின்றாலோ தப்பான தசை வேலை செய்கிறது என்று அர்த்தம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது கூடாது. இருமல் வரும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் அதற்கு முந்தின நொடியில் இறுக்கிக்கொள்ளுங்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். அடியில் எதோ இறங்குவதுபோல இருந்தாலோ, எரிச்சலோ ரத்தமோ இருந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

குதிப்பதற்குப் பதிலாகத் திண்ணைப் படியில் ஏறி இறங்குங்கள். வீட்டு வேலை செய்கிறேனே என்பீர்கள். விறுவிறுப்பாகச் செய்தால் அது அசைவுக் கணக்கில் நிச்சயம் சேரும். ஆனால் தசை வலிமைக்குப் பளு படிப்படியாகக் கூட வேண்டும், வீட்டு வேலையில் அது கூடுவதில்லை. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் எலும்பும் தசையும் வேகமாகக் குறைவதால் உங்களுக்கு முதல் பங்கு வலிமைக்கே. வாரம் இரண்டு நாள் போதும். 5 கிலோ அரிசிப்பையை இரு கையால் பிடித்து, முதுகு நேராக, இடுப்பை மட்டும் பின்னால் தள்ளிக் குனிந்து நிமிர்வது. அதே பையைக் குனிந்தபடி வயிற்றை நோக்கி இழுப்பது. திண்ணை விளிம்பில் கை ஊன்றிப் புஷ்-அப். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு கஷ்டமாக இருக்க வேண்டும். பன்னிரண்டும் சுலபமானால் ஒரு கிலோ கூட்டுங்கள். கீழே வைக்கும்போது கசிவு வந்தால் பளு அதிகம்.

மகனுக்கு நான் சொல்வது பிடிக்காமல் போகலாம். நூறு புஷ்-அப் மார்புக்கும் கைக்கும் தாங்குதிறன் தரும். எதிரணிப் பக்கம் பாடிப்போகும் ரெய்டில் அவன் தப்பித்து வருவது காலின் பவரிலும் திசை மாற்றத்திலும். வாரம் இரண்டு நாள், 20 மீட்டர் முழு வேக ஓட்டம் ஆறு முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம் முழு ஓய்வு. ஓய்வைக் குறைத்து வேர்க்க வேர்க்க ஓடினால் அது ஸ்டாமினா பயிற்சியாக மாறிவிடும், வேகம் வளராது. நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல் 5 முறை வீதம் நாலு சுற்று. சத்தமில்லாமல் இறங்க வேண்டும், முழங்கால்கள் உள்பக்கம் சாயக்கூடாது. அதைச் சரிபார்க்க ஒருமுறை போனில் முன்பக்கமிருந்து படம் எடுத்துப் பாருங்கள். பின்தொடைக்கு, மண்டியிட்ட அவனுடைய கணுக்காலை அப்பா அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய்ந்து கையில் இறங்குவது, மூன்று முறை, இரண்டு சுற்று. பின்தொடைப் பிடிப்பைக் குறைப்பதில் இது நன்றாக வேலை செய்கிறது. முதல் வாரம் தொடை வலிக்கும், பயப்பட வேண்டாம். பளு தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பது தவறு; சரியான முறையில், பத்துப் பன்னிரண்டு தடவை தூக்கக்கூடிய எடையில் இந்த வயதில் தாராளமாகச் செய்யலாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்த ஆசிரியர் யாராவது பள்ளியில் இருந்தால் அவர் கண் முன்னால் தொடங்குவது நல்லது. இரவு 8 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் அவனுக்கு அவசியம்.

வீட்டுக்காரர் விஷயத்தில் ஆடியிலேயே எழுதியது நல்லதாகப் போயிற்று. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நாள் தவறாமல் தொடர்ந்து. முதலில் மருத்துவரிடம் மூன்று விஷயம் கேட்கட்டும்: இதயப் பரிசோதனை வேண்டுமா, பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா, கண் விழித்திரை எப்படி இருக்கிறது. பாத உணர்ச்சியை ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டே பார்த்துவிடுவார்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. நேர்த்திக்கடன் என்றாலும் இதில் விட்டுக்கொடுக்க வழியில்லை. கொப்புளம் வலிக்காது, புண்ணானபிறகுதான் தெரியும், சர்க்கரைக்காரருக்கு அந்தப் புண் எளிதில் ஆறாது.

பிறகு நடை. வாரம் ஐந்து நாள் 30 நிமிடம், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். அட்டினலால், மெட்டோப்ரலால் மாதிரிப் பிரஷர் மாத்திரைகள் துடிப்பையே குறைத்துக் காட்டும். வாரம் ஒருநாள் நீண்ட நடை. 5 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒரு கிலோமீட்டர் கூட்டி, ஒவ்வொரு நாலாவது வாரமும் குறைத்து நடக்கட்டும். கார்த்திகையிலிருந்து அடுத்தடுத்த இரண்டு நாள் நீண்ட நடை வேண்டும். யாத்திரையில் பலரை வீழ்த்துவது தூரம் அல்ல, முந்தின நாள் களைத்த காலோடு மறுநாள் நடப்பது. காவடி எடுப்பதாக இருந்தால் கடைசி இரண்டு மாதம் தோளில் பளுவோடும் பழக வேண்டும். கெண்டைக்கால், தொடைக்கு வாரம் இரண்டு நாள் வலிமைப் பயிற்சி, உங்களோடு சேர்ந்தே. செருப்போ ஷூவோ சாயங்காலம், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்கி, குறைந்தது ஒரு மாதம் பழகிய பிறகே யாத்திரைக்கு. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, பார்த்துவிட வேண்டும்.

கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு நீண்ட நடையில் சர்க்கரை இறங்கும், சில சமயம் நடந்து பல மணி நேரம் கழித்தும். நடக்குமுன் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்பட்டும். 250-க்கு மேலே, உடம்பும் சரியில்லை என்றால் அன்று வேண்டாம். பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடி. நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் அந்தப் பொடியில் மூன்று டீஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும். வழியில் கொடுக்கும் பானகமும் அதே வேலைக்குத்தான். மற்ற நேரத்தில் தண்ணீரும் நீர்மோரும். நீண்ட நடை நாட்களில் மாத்திரையின் அளவை மாற்றலாமா என்று மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள், தானாகக் குறைக்கக்கூடாது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் நடையை நிறுத்தி நேராக மருத்துவமனைக்கு.

காலை ஐந்தரை மணிக்கு முதல் பத்து நிமிடம் நாலு பேரும் ஒன்றாக: இருந்த இடத்தில் நடை, தோள் சுழற்றல், கணுக்கால் சுழற்றல். அப்புறம் ஆளுக்கு ஒரு தூண். நீங்களும் வீட்டுக்காரரும் வாரத்தில் 150 நிமிடம் மிதமான அசைவும், இரண்டு நாள் வலிமைப் பயிற்சியும் எட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு அதுதான். மாமியாருக்கு அதோடு வாரம் மூன்று நாளாவது சமநிலை. மகனுக்குத் தினமும் சராசரி 60 நிமிடம், கபடியே அதில் பெரும்பங்கு கொடுத்துவிடும்.

கல்யாணம், முன்னோர் படைப்பு என்று இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். பளுவும் எண்ணிக்கையும் பாதியாக வைத்து, ஒரு வாரத்தில் மெதுவாகப் பழைய அளவுக்கு வாருங்கள்.