அரசு மருத்துவமனையில் சிகிச்சை தவறினால் யார் பொறுப்பு: டாக்டரா, அரசா?

அரசு மருத்துவமனையில் தவறான சிகிச்சையால் ஒருவர் இறந்தால் டாக்டர் மீது வழக்குப் போடலாமா, அல்லது அரசு ஊழியர் என்பதால் அவர் தப்பித்துவிடுவாரா என்பது கேள்வி.

போடலாம். ஆனால் இழப்பீட்டை அரசிடம்தான் கேட்க வேண்டும். டாக்டரின் சொந்தப் பொறுப்பு முடிவாவது வேறு இடங்களில். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் மனுக் கொடுத்து, காலக்கெடுவைத் தவறவிடுகிறவர்கள் பலர்.

வழக்குக்கு முன்னால் ஆவணம். சாவில் சந்தேகம் இருந்தால், உடலை வாங்குவதற்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 194-இன் கீழ் விசாரணையும் போஸ்ட்மார்ட்டமும் கேளுங்கள். அதை வேறொரு அரசு மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் செய்யவும், வீடியோ எடுக்கவும் அதே மனுவில் கோருங்கள். அடக்கம் முடிந்த பிறகு சாவின் காரணத்தை நிரூபிப்பது மிகக் கடினம். எரித்துவிட்டால் அநேகமாக முடியாது.

அடுத்தது கேஸ் ஷீட். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் சார்ட், ஒப்புதல் படிவம், அன்றைய டியூட்டி பட்டியல் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டீன் அல்லது கண்காணிப்பாளருக்கு மனு எழுதி, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் அன்றே ஆர்டிஐ மனு போடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவுக் கட்டணம் என்று பெயருக்குக் கொஞ்சம் வாங்கினாலும் இதே நிலைதான். ஆனால் சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை என்றால் இலவச நோயாளியும் நுகர்வோரே. கட்டண வார்டு உள்ள இடங்களில் வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இஎஸ்ஐ மருத்துவமனைகளும் சட்டத்துக்குள் வரும், தொழிலாளியின் சந்தாவில் நடப்பதால். காலக்கெடு 2 ஆண்டு.

மற்றவர்களுக்கு வழி சிவில் நீதிமன்றம். இங்கே பலர் டாக்டரை மட்டும் பிரதிவாதியாகப் போடுகிறார்கள். அது தவறு. ஊழியர் பணியில் செய்த கவனக்குறைவுக்கு முதலாளியான அரசு பொறுப்பு; மருத்துவமனை நடத்துவது அரசின் இறையாண்மைச் செயல் என்ற வாதம் செல்லாது. 1963-இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவையின்போது வயிற்றுக்குள் துணி வைத்துத் தைக்கப்பட்ட பெண் இறந்தார். அந்த அச்சுதராவ் கோட்வா வழக்கில் மகாராஷ்டிர அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-இல். அந்தக் குடும்பம் காத்திருந்த காலத்தை நினைத்தாலே மனம் கனக்கிறது. ஆவணத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதும் அதனால்தான்.

அரசு மீது வழக்குப் போடும் முன் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன் கீழ் நோட்டீஸ் கொடுத்து 2 மாதம் காத்திருக்க வேண்டும். அரசுக்கான நோட்டீஸ் துறைச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ போக வேண்டும்; டாக்டருக்குத் தனி நோட்டீஸ். உங்கள் பெயர், விவரம், முகவரி, நடந்தது என்ன, கேட்கும் பரிகாரம் என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்ததை வழக்குரையிலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கு அந்த இடத்திலேயே நின்றுபோகும். சாவுக்காக வாரிசுகள் இழப்பீடு கேட்க, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் அவகாசம். நோட்டீஸ் காலம் அந்தக் கணக்கில் சேராது என்றாலும் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

வயிற்றில் கத்தரியோ பஞ்சோ விட்டது போல, பார்த்தாலே தவறு தெரிகிற வழக்குகளில் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனுவும் போடலாம். உண்மைகளில் தகராறு இருந்தால் சிவில் நீதிமன்றத்துக்கே போகச் சொல்வார்கள்.

சிகிச்சை பலிக்காதது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. கருத்தடைக்குப் பிறகும் கருவுற்றதற்காகப் போட்ட இரண்டு வழக்குகளைப் பாருங்கள். சந்த்ரா வழக்கில் (2000) ஒரு பக்கக் கருக்குழாயை மட்டுமே கட்டியிருந்தார்கள். ஹரியானா அரசு பணம் கட்ட வேண்டியதாயிற்று. சிவராம் வழக்கில் (2005) அறுவையில் குறை எதுவும் காட்டப்படவில்லை; பஞ்சாப் அரசு பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. உங்கள் தரப்பில் அதே துறை நிபுணர் ஒருவரின் எழுத்துமூலக் கருத்து இருந்தாக வேண்டும்.

கிரிமினல் வழக்கு டாக்டர் மீது நேரடியாக வரும். அவருக்காக அரசு சிறைக்குப் போக முடியாது. பிஎன்எஸ் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 106(1) பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறையும் அபராதமும் சொல்கிறது. ஜேக்கப் மேத்யூ தீர்ப்பின்படி (2005) மிக மோசமான கவனக்குறைவு இருந்தால்தான் குற்றம். சுயேச்சையான மருத்துவக் கருத்து வாங்காமல் போலீஸ் மேலே போகக்கூடாது. வழக்கமான கைதும் கூடாது. அரசின் அனுமதியின்றிப் பதவிநீக்கம் செய்ய முடியாத நிலையில் உள்ளவர் என்றால், வழக்குத் தொடர முன் அனுமதி வேண்டும். 120 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பிஎன்எஸ்எஸ் பிரிவு 218 கருதுகிறது.

பதிவு உரிமம் பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. அங்கே அரசு டாக்டர், தனியார் டாக்டர் என்ற வித்தியாசமே இல்லை. பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். துறை நடவடிக்கை வேறு: பெரிய தவறுக்கு 17(பி) குறிப்பாணை, அதாவது அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் கீழ் குற்றச்சாட்டுக் கடிதம், வரும். அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கவும் விதி இடம் தருகிறது. இந்த இரண்டிலும் உங்கள் கைக்குப் பணம் வராது, ஆனால் விசாரணை அறிக்கை சிவில் வழக்கில் உதவும்.

அதே டாக்டர் பணி நேரத்துக்குப் பிறகு சொந்த கிளினிக்கில் பார்த்த சிகிச்சை என்றால் அரசுக்குப் பொறுப்பில்லை. அங்கே கட்டணம் வாங்கியிருப்பார் என்பதால் நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மருந்துச் சீட்டில் எந்த முகவரி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.